பொழுது சாய்ந்தால் மருந்து இல்லை

எங்கள் வீட்டில் வடிகட்டாத தண்ணீரை ஒரு சொட்டுகூடப் புழங்க மாட்டோம். நாங்கள் ஜைனர்கள். கிணற்றில் சேந்திய தண்ணீரை, இரட்டையாக மடித்த துணியைக் குடத்தின் வாயில் கட்டி ஊற்றி வடிகட்ட வேண்டும். துணியில் தங்குகிற கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் காய்ந்து சாகாமல், வடிகட்டிய தண்ணீராலேயே அந்தத் துணியை அலசி, அலசிய தண்ணீரை அதே கிணற்றில் மெதுவாக இறக்கிவிட வேண்டும். நல்ல தர்மம்தான். நான் குறை சொல்லவில்லை. கிணற்றுப் புழுவுக்கு அவ்வளவு யோசித்தவர்கள் துணியை அலசுகிற கைக்குக் கொஞ்சம் யோசித்திருந்தால் என்ன என்றுதான் கேட்கிறேன்.

எனக்குக் கல்யாணமானது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில். செஞ்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திண்டிவனத்துக்கு வந்தேன். என் புருஷன் பார்சுவநாதனுக்குக் கடைத்தெருவில் மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை வியாபாரம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, யாரிடமும் குரல் உயர்த்தாத மனுஷர். "தங்கமான மாப்பிள்ளை, அதிர்ந்து பேச மாட்டார்" என்று என் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பேச வேண்டிய இடத்திலும் பேச மாட்டார் என்பது அப்பாவுக்கு அப்போது தெரியாது.

அந்த வீட்டில் தண்ணீரையும் பாத்திரத்தையும் வெளியாள் தொடக் கூடாது. அதனால் அது மருமகள் வேலை. விடியுமுன் கிணற்றடிக்குப் போனால் சேந்துவது, வடிகட்டுவது, அலசுவது, அரிசி களைவது, பாத்திரம் தேய்ப்பது. பொழுது சாயுமுன் எல்லோரும் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பதால் சாயங்காலம் இன்னொரு பாடு. கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்க்கும்போது விளக்கு வைத்திருப்பார்கள். நாள் முழுக்க என் விரல்கள் ஊறவைத்த கொட்டை மாதிரி வெளுத்துச் சுருங்கியிருக்கும்.

மூன்றாம் வருஷம் வலது கைக் கட்டைவிரல் நகம் கெட்டது. ஓரத்தில் மஞ்சளாக ஆரம்பித்தது. பிறகு பழுப்பாகி, தடித்து, மேலே மேடு தட்டி, தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நகத்தைச் சுற்றிச் சதை வீங்கியது. அடுத்து ஆள்காட்டி விரல். மஞ்சள் அரைத்துப் பூசினேன். வேப்பிலை வைத்துக் கட்டினேன். காலையில் கட்டை அவிழ்த்தால் மறுபடி கிணற்றடிதானே.

ஒரு நாள் சாதம் போடும்போது என் மாமியார் அந்தக் கையைப் பார்த்துவிட்டார்.

"இன்னாடி இது?"

"நகச்சுத்திங்க அத்தை."

"நகச்சுத்தி இப்டியா இருக்கும்? எனக்கென்னமோ வயித்தக் கலக்குது" என்று இலையைவிட்டு எழுந்துவிட்டார். அன்றிலிருந்து நான் சமைக்கக் கூடாது, பரிமாறக் கூடாது. சரி, கொஞ்சநாள் கைக்கு ஓய்வு என்று நினைத்தேனே, அந்த முட்டாள்தனத்தை என்னவென்று சொல்ல? சாதம் தொட ஆகாத கை, பாத்திரம் தேய்க்க ஆகுமாம். தண்ணீர் சேந்த ஆகுமாம். பார்த்தால் குமட்டுகிற விரல், வேலை வாங்கும்போது மட்டும் குமட்டாதாம்.

திண்டிவனத்திலேயே வைத்தியரிடம் போனால் ஊர் வாயில் விழுவோம் என்று, என் புருஷன் என்னை ரயிலில் விழுப்புரத்துக்குக் கூட்டிப்போனார். ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் அரங்கநாதன் என்று ஒரு டாக்டர் இருந்தார். என் விரலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல மாதத்தில் என் கையை முகம் சுளிக்காமல் தொட்ட முதல் ஆள் அவர். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஊசியால் விரல் நுனியில் குத்தினார். "தெரியுதாம்மா?"

"நல்லாத் தெரியுதுங்க."

"அப்ப வெரலு மரத்துப்போவல. நீங்க பயந்துக்கினு வந்தீங்களே, அது இல்ல." நகத்தைக் கொஞ்சம் சுரண்டிக் கண்ணாடியில் வைத்து ஏதோ ஊற்றி, கருவிக்குள் ஒற்றைக்கண்ணால் பார்த்தார். "பூஞ்சை. ஊறுகாய் மேல வெள்ளையா பூக்குமே, அந்த ஜாதி. ஈரத்துலதான் அதுக்குக் கொண்டாட்டம்."

பிறகு சின்ன சீசா ஒன்றைக் கொடுத்தார். செக்கச்செவேலென்ற மருந்து. மூடியைத் திறந்தால் ஆஸ்பத்திரி வாசனை மூக்கில் ஏறியது.

"நல்லாக் கேட்டுக்குங்க" என்று என் புருஷனைப் பார்த்துச் சொன்னார். "காலைல ஒரு வாட்டி, ராத்திரி படுக்கறப்ப ஒரு வாட்டி, நகத்து மேலயும் இடுக்குலயும் தடவணும். தடவறதுக்கு முன்ன மேலாக்க அராவி வுடணும். புது நகம் அடியிலேர்ந்து வளந்து பழசத் தள்ளிக்கினு போற வரைக்கும் வுடக் கூடாது. அரை வருஷம் ஆவும். அதை விட முக்கியம், இவங்க கை தண்ணில இருக்கவே கூடாது. பாத்திரம், துணி, கிணத்தடி, எதுவும் வேணாம். வேற யாராச்சும் செய்யட்டும். தண்ணில ஊறிக்கினே மருந்து போட்டா, போடாததும் ஒண்ணுதான்."

"சரிங்க டாக்டர். சரிங்க" என்று என் புருஷன் தலையை ஆட்டினார். ரயிலில் வரும்போது எனக்கு வேர்க்கடலை உருண்டை வாங்கிக் கொடுத்தார். அந்தப் பயணத்தில் நான் எவ்வளவு சந்தோஷமாக வந்தேன் என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் சீசாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது இன்னா பண்ணும்?"

"நகத்துல பூஞ்சை இருக்குதாங்க. அத சாவடிக்கும்" என்றேன்.

"பூஞ்சைக்கும் உயிரு உண்டேடி."

"எனக்கும் உண்டுங்க அத்தை."

சொன்ன பிறகுதான் எவ்வளவு சத்தமாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. அந்தச் சூட்டோடு மற்றதையும் சொல்லிவிட்டேன். "தண்ணி வேலையும் செய்யக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருங்க. அரை வருஷத்துக்கு."

மாமியார் என்னைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தார். "அப்டியாடா சொன்னாரு?"

என் புருஷன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டிய சட்டையின் சுருக்கத்தை நீவிவிட்டார். அப்புறம் சொன்னார், "அப்டி ஒண்ணும் சொன்னதா ஞாபகம் இல்லியேம்மா. மருந்து போடச் சொன்னாரு. அவ்ளோதான்."

எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தில் அந்தக் கிணற்றைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். ஆனால் மருமகள் சொல் எந்தச் சபையில் ஏறும்? வேலைக்குச் சோம்பி டாக்டர் பேரில் பொய் சொல்கிறாள் என்று ஆகிவிட்டது. கிணற்றடியில் வாளி எனக்காகக் காத்திருந்தது.

அது மட்டுமா? காலையில் மருந்தைத் தடவிக்கொண்டு போய்த் தண்ணீரில் கைவைத்தால் சிவப்பெல்லாம் குடத்தோடு போய்விடும். வேலையெல்லாம் முடிந்து கை காய்வது விளக்கு வைத்த பிறகுதான். தடவினால் அப்போது தடவ வேண்டும். முதல் நாளே மாமியார் தடுத்தார்.

"பொழுது சாஞ்சா மருந்து வேணாம்."

"இது சாப்புடற மருந்து இல்லீங்களே அத்தை."

"சாப்புடறதோ தடவறதோ! விளக்கு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும். ஈரமா இருக்கற மருந்துல ஒட்டிக்கினு சாவும். அந்தப் பாவம் யாருக்கு? பகல்ல போட்டுக்கோ, யாரு வேணான்னது?"

பகலில் எப்போது போடுவது? கிணற்றுக்குள் இறங்கி நின்றுகொண்டா? ராத்திரியில் சாப்பிடாத விரதம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. அதை நான் ஒரு நாளும் மீறியதில்லை. அதைக் கொண்டுவந்து என் நகத்தின்மேல் கட்டுவார்கள் என்று நான் கண்டேனா? என் புருஷனைப் பார்த்தேன். அவர் சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடக்க வேண்டியது நடந்தது. நகம் தேறவில்லை. இரண்டு விரல் நான்கு விரலானது. மருந்து போட்டும் கேட்கவில்லை என்றால் இது வேறு வியாதி என்று மாமியார் முடிவு கட்டினார். முதலில் எனக்குத் தனித் தட்டு. பிறகு தனிப் பாய். பிறகு ஒரு நாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் குரலைத் தணித்து அந்த வார்த்தையைச் சொன்னார். பெருவியாதி, அதாவது குஷ்டம். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் காதில் விழட்டும் என்று சொன்னாரா, விழாது என்று நினைத்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு வார்த்தை போதும். அடுத்த வாரம் கோயிலில் பெண்கள் எனக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றார்கள். என் ஊருக்கும் சேதி போய், என் அப்பா பக்கத்தில் உட்கார ஆட்கள் யோசித்தார்களாம். வக்கீல் ஆபீசில் வேலை செய்யும் ஒரு சொந்தக்காரர் வந்து, "அந்த வியாதின்னா புதுக் கல்யாணச் சட்டத்துல பிரிச்சு வுட்ருவாங்க, பேஜாரே இல்ல" என்று என் புருஷனிடம் சொல்லிவிட்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். என் புருஷன் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஊசி குத்தியபோது நான் "தெரியுது" என்று சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்ட மனுஷர். "அது இல்லை" என்று டாக்டர் சொன்னதையும் கேட்ட மனுஷர். வாயில் என்ன வைத்திருந்தார்?

அன்று சாயங்காலம் விளக்கு வைத்ததும் நான் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து சீசாவைத் திறந்தேன். எல்லோரும் பார்க்க ஒவ்வொரு நகமாகத் தடவினேன். மாமியார் ஓடிவந்து சீசாவைப் பிடுங்கிப் பின்கட்டுச் சாம்பல் குழியில் கவிழ்த்தார். சாம்பல் ரத்தச் சிவப்பாக ஆனது.

"உங்க அப்பன் ஊட்ல போய்க் கெட. வியாதி தெளிஞ்சா பாக்கலாம்."

"போறேன். ஆனா எனக்கு வியாதின்னு சொல்லாதீங்க. உங்க புள்ளையக் கேளுங்க, அவருக்குத் தெரியும்!"

அவர் பிள்ளை வாசல் பக்கம் போய்விட்டிருந்தார்.

நான் அப்பா வீட்டுக்குப் போகவில்லை. போனால் அந்த வார்த்தையும் என்னோடு வண்டியேறி ஊருக்குள் வந்துவிடும். விழுப்புரத்தில் என் அக்கா இருந்தாள். அத்தானுக்கு ரயில்வேயில் வேலை. அக்கா என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், "உள்ள வா" என்றாள். அவ்வளவுதான். மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போய் அதே மருந்தை வாங்கிக் கொடுத்தாள். தண்ணீர் பக்கம் என்னை விடவே இல்லை. காய் நறுக்குவதும், பருப்பு புடைப்பதும், துணி தைப்பதும்தான் எனக்கு.

அக்காவும் ஜைன வீட்டு மருமகள்தான். அவளும் தண்ணீரை வடிகட்டித்தான் புழங்குகிறாள். பொழுது சாய்ந்தால் ஒரு பருக்கை வாயில் வைக்க மாட்டாள். ராத்திரி நான் மருந்து தடவும்போது என்ன செய்வாள் தெரியுமா? விளக்கை எட்டத் தள்ளி வைத்துவிட்டு, மருந்து காயும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் என் கைக்கு மேலே வீசிக்கொண்டே இருப்பாள். பூச்சியும் சாகவில்லை, மருந்தும் காய்ந்தது. ஒரு விசிறி. அவ்வளவுதான் விஷயம். அதற்காகவா என்னைப் பெருவியாதிக்காரி ஆக்கினீர்கள் என்று நினைத்து நினைத்து, மருந்து வாசனையோடு நான் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பேன்.

புது நகம் வர ஆரம்பித்தது. அடியில் நூலளவு இளஞ்சிவப்பு. பிறகு நெல்லளவு. பழைய பழுப்பு மேலே மேலே தள்ளிக்கொண்டு போனது. நுனிக்கு வந்ததை அக்கா நறுக்கி எறிவாள். மழைக்காலம் முடிந்தபோது ஒன்பது நகம் சுத்தம். கட்டைவிரலில் மட்டும் ஓரமாகக் கொஞ்சம் மிச்சம். டாக்டர் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள், வுட்றாதீங்க" என்றார்.

இத்தனை மாதத்தில் திண்டிவனத்திலிருந்து ஒரு ஆள் வரவில்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடப்பதாக அங்கே பேச்சு என்று அத்தான் கேள்விப்பட்டு வந்து சொன்னார். அது பொய் என்று சொல்ல வேண்டியவர் மண்டியில் மல்லாட்டை நிறுத்துக்கொண்டிருந்தார்.

தை மாதத்தில் ஒரு நாள் காலை, வாசலில் ஜட்கா வந்து நின்றது. இறங்கி வந்தவர் என் புருஷன். அதே வெள்ளை வேட்டி. மாமியார் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஒளிப்பானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. அழைத்துப்போக வந்துவிட்டார், ஊர் வாயை அடைக்கத் தாயையும் கூட்டி வந்துவிட்டார் என்று நினைத்தேன். கையை நீட்டிக் காட்டினேன். "பாருங்க, சரியாப் பூட்ச்சு."

"உம்" என்றார். சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "டாக்டருகிட்ட இருந்துதான் வர்றோம்."

"யாருக்கு?"

"அம்மாவுக்கு. நீ வந்ததுலேர்ந்து தண்ணி வேல எல்லாம் அம்மாதான செய்றாங்க. உனக்கு வந்த மாதிரியே நகம் போயிட்ச்சு. மூணு வெரலு. டாக்டரு மருந்து குடுத்துக்கிறாரு." பிறகு, வீட்டில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஒரு வரி விடாமல் சொன்னார். "காலைல ஒரு வாட்டி, ராத்திரி ஒரு வாட்டி தடவணுமாம். ஆனா அத வுட முக்கியம், கை தண்ணில இருக்கவே கூடாதாம். பாத்திரம், துணி, கிணத்தடி, எதுவும் ஆவாதாம். ஊறிக்கினே மருந்து போட்டா, போடாததும் ஒண்ணுதானாம். அரை வருஷம் ஆவுமாம். அதனால நீ ஜல்தி கெளம்பு. பத்தரை வண்டிக்குப் போயிடலாம்."

ஞாபகம் இல்லையாம் அவருக்கு! எவ்வளவு அழகாக ஞாபகம் வைத்திருக்கிறார் பாருங்கள்.

"இதையேதான அன்னிக்கு எனக்கும் சொன்னாரு?" என்றேன். "ஊட்ல வந்து இன்னா சொன்னீங்க?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு? தெருவுல நின்னுக்கினு..."

"இன்னா சொன்னீங்க?"

ஜட்காவுக்குள்ளிருந்து குரல் வந்தது. "டேய்." மாமியார் முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தார். "அன்னிக்கும் இதையேவாடா சொன்னாரு டாக்டரு?"

"அம்மா, நீ சும்மா இரு."

"கேக்கறேன் இல்ல? சொன்னாரா, இல்லியா?"

என் புருஷன் தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னாரு. நீ வயசானவ, தண்ணி வேலையெல்லாம் உன் தலைல வந்து வுழுமேன்னுதான்..."

மாமியார் அவரையே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "நான் இவள அந்த வார்த்த சொன்னேனே" என்றார். "ஊரே சொல்லுச்சு. நீ பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தியேடா!" முந்தானையிலிருந்து கை தானாக வெளியே வந்துவிட்டது. மூன்று விரலிலும் அதே பழுப்பு, அதே மேடு.

அந்தக் கையைப் பார்த்து நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். எத்தனை ராத்திரி அப்படி வேண்டிக்கொண்டு படுத்திருக்கிறேன். சந்தோஷம் வரவில்லை. சாம்பல் குழியில் மருந்தைக் கவிழ்த்த கைதான் அது. அதை நான் மன்னிக்கவும் இல்லை. ஆனால் அந்தக் கிழவிக்கு உண்மை தெரியாது. தெரிந்த ஆள் ஒருத்தர் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், இஸ்திரி மடிப்புக் கலையாமல் நின்றுகொண்டிருந்தார். இவ்வளவு நாள் என் கோபத்தில் பாதியை விலாசம் மாற்றி அனுப்பிவிட்டேனே என்று என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

அக்கா உள்ளேயிருந்து என் தோளைத் தொட்டாள். "கூப்புட வந்துக்கிறாங்க. போறதுன்னா போ. போலன்னா இரு. எனக்குப் பாரமில்ல."

"கெளம்புறியா, இல்லியா?" என்றார் என் புருஷன். "வண்டிக்கு நேரமாவுது. அங்க கிணத்தடில போட்டது போட்டபடி கெடக்குது."

நான் படியிறங்கிப் போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தெருவில் வைத்து அவர் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அவர் பயந்துபோனார். விரல்களை விரித்து வெயிலில் திருப்பினேன், டாக்டர் என் விரலைத் திருப்பிய மாதிரியே. பத்து நகம். ஒன்றில் ஒரு கீறல் கிடையாது. பத்தும் பளபளவென்று இருந்தன.

"எவ்ளோ சுத்தமா இருக்குது" என்றேன். "ஊட்டுக்குப் போங்க. நாளைலேர்ந்து தண்ணி சேந்துங்க, வடிகட்டுங்க, பாத்திரம் தேய்ங்க. இதுல ஒரு நகம் கெடட்டும். கெட்டதும் சொல்லி அனுப்புங்க. அன்னிக்கு வர்றேன்."

மாமியாரும் ஜட்காவிலிருந்து மகன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் புருஷன் கையை உருவிக்கொண்டு, இரண்டையும் வேட்டி மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டார்.